ஒரு கிலோ எத்தனை சேக்கல்? முதலில் எந்தச் சேக்கல் என்று கேட்க வேண்டும்

ஞாயிறு பள்ளியில் வகுப்பெடுக்கும் ஒருவர் கேட்ட கேள்வி இது. பிள்ளைகள் ஒவ்வொருவரும் தம் உடல் எடையைப் பழைய எபிரேய நிறைகளில் சொல்லிப் பார்க்க வேண்டும் என்று அவர் விரும்பியிருக்கிறார். கையில் கிடைத்த மூன்று அட்டவணைகளில் ஒன்று ஒரு கிலோவுக்கு 100 சேக்கல் என்கிறது, இன்னொன்று 88 என்கிறது, மூன்றாவது 71 என்கிறது. இவற்றுள் எது சரி, கணக்கை எப்படிப் போடுவது என்பதே அவர் கேட்பது.

பழைய ஏற்பாட்டின் அரசர் காலத்து யூதாவை மனத்தில் வைத்துக் கேட்டால் 88 என்பதே சரிக்கு மிக அருகில் இருக்கிறது. 100 என்பது ஒரு சேக்கலைப் பத்து கிராம் என்று வசதிக்காக முழுமையாக்கிக்கொண்டதால் வந்த எண். மனக்கணக்குக்கு எளிது, ஆனால் மண்ணிலிருந்து கிடைத்த சேக்கல் கற்களோடு அது ஒத்துவராது. 71 என்பது தவறன்று. அது வேறொரு காலத்தின் சேக்கல். இயேசுவின் காலத்தில் எருசலேம் ஆலய வரிக்கு ஏற்கப்பட்ட தீரு நகரத்து வெள்ளி நாணயம் ஏறக்குறைய 14 கிராம் இருந்தது. ஆயிரத்தைப் பதினான்கால் வகுத்தால் 71 வரும். ஆகவே கணக்குப் போடும் முன் நாம் பேசுவது எந்த நூற்றாண்டைப் பற்றி என்பதை முடிவு செய்துகொள்ள வேண்டும்.

சேக்கல் என்ற சொல்லுக்கு வேர் 'நிறுத்தல்' என்னும் பொருளுடைய எபிரேய வினை. தானியேல் புத்தகத்தில் சுவரில் எழுதப்பட்ட 'தெக்கேல்' என்பதும் இதே சொல்லின் அரமேய வடிவம். அங்கே அது தராசில் நிறுக்கப்பட்டதைக் குறிப்பதாக விளக்கப்படுவதும் இதனால்தான். அரசர் காலத்து யூதாவில் நாணயம் கிடையாது. வெள்ளியைத் துண்டுகளாகவும் கம்பியாகவும் உடைந்த நகையாகவும் தராசில் இட்டு, மறு தட்டில் கல்லை வைத்து நிறுத்துக் கொடுத்தார்கள். எருசலேமுக்குத் தெற்கே எஸ்தெமோவாவில் 1968-இல் கண்டெடுக்கப்பட்ட ஐந்து மண் ஜாடிகளில் இப்படிப்பட்ட வெள்ளித் துண்டுகள் ஏறக்குறைய 26 கிலோ இருந்தன. இன்று இஸ்ரேலின் நாணயத்துக்குச் சேக்கல் என்று பெயர் இருப்பதால், பழைய ஏற்பாட்டில் அந்தச் சொல்லைக் காணும்போது காசை நினைத்துக்கொள்கிறோம். 'நானூறு சேக்கல் வெள்ளி' என்பதை நானூறு காசுகள் என்று வாசிப்பதைவிட, நாலரைக் கிலோ வெள்ளி என்று வாசிப்பதே பொருளுக்கு நெருக்கமானது.

எபிரேயத்தில் எடைக்கு வைக்கும் பொருளுக்கும் கல்லுக்கும் ஒரே சொல். தமிழிலும் எடைக்கல், படிக்கல் என்றுதானே சொல்கிறோம். இரும்பில் வார்த்தாலும் அது கல்தான். உபாகமத்தில் பையிலே பெரிதும் சிறிதுமான நிறைகற்களை வைத்திருக்கக் கூடாது என்று வரும் கட்டளை, வியாபாரி தன் கற்களைப் பையில் போட்டுக்கொண்டு திரிந்த காலத்தது. அந்தக் கற்கள் இன்று நூற்றுக்கணக்கில் கிடைத்துள்ளன. பெரும்பாலானவை கி.மு. 8-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து கி.மு. 6-ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரையிலான யூதாவைச் சேர்ந்தவை. சுண்ணாம்புக் கல்லைக் கடைந்து, மேற்புறம் கவிகை போல் உருண்டும் அடிப்புறம் தட்டையாகவும் செய்திருக்கிறார்கள். ஒரு சேக்கல் கல்லின் பருமன் குறுக்களவில் ஏறத்தாழ இரண்டு சென்டிமீட்டர் வரும், அதாவது நம் கோலிக்குண்டைவிடச் சற்றுப் பெரிது. அதன் தலையில் கீழே முடிச்சிட்ட வளையம் போன்ற ஒரு குறியைப் பொறித்து, பக்கத்தில் எண்ணையும் பொறித்திருப்பார்கள்.

இந்தக் கற்களையெல்லாம் நிறுத்துப் பார்த்த ஆய்வாளர்கள் வந்து நின்ற எண் 11.33 கிராம். 11.4 என்று எழுதுவோரும் உண்டு. எருசலேமில் மேற்குச் சுவருக்கு அருகே அகழ்ந்தெடுத்து 2020-இல் அறிவிக்கப்பட்ட இரண்டு சேக்கல் கல் 23 கிராம் இருந்தது; அதன்படி ஒரு சேக்கல் 11.5 கிராம். கையால் செதுக்கிய கற்களில் இந்த அளவு வேறுபாடு இயல்பானது. கணக்கின் முடிவில் எத்தனை இலக்கம் எழுதலாம் என்பதை இந்த வேறுபாடுதான் தீர்மானிக்கிறது என்பதால், இதைப் பின்னால் மறுபடியும் எடுத்துக்கொள்கிறேன்.

எண்களைப் பற்றி ஒரு செய்தியை இங்கே சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த செய்தி அது. நான்கு சேக்கல் எடையுள்ள கல்லில் எகிப்திய எழுத்தில் 5 என்று பொறித்திருக்கும். எட்டு சேக்கல் கல்லில் 10 என்றும், பதினாறு சேக்கல் கல்லில் 20 என்றும், இருபத்துநான்கு சேக்கல் கல்லில் 30 என்றும் இருக்கும். முதலில் பார்த்தவர்கள் குழம்பித்தான் போனார்கள். எகிப்தில் தெபென் என்றொரு நிறை ஏறக்குறைய 91 கிராம். அதில் பத்தில் ஒரு பங்கு கெதெத். 11.33-ஐ எட்டால் பெருக்கிப் பாருங்கள், 90.64 வருகிறது. எட்டு சேக்கல் என்பது ஒரு தெபென், அதாவது பத்து கெதெத். யூதாவின் வியாபாரி ஒரே கல்லை வைத்துக்கொண்டு தன் ஊர்க்காரரிடம் எட்டு சேக்கல் என்றும் எகிப்தியரிடம் பத்து கெதெத் என்றும் சொல்ல முடிந்தது. ஆகவே 11.33 என்பது தனித்து நிற்கும் ஓர் எண்ணன்று. அண்டை நாட்டு நிறையோடு இணைத்தும் அதைச் சரிபார்க்க முடிகிறது.

இனி மற்ற நிறைகளுக்கு வருவோம். சேக்கலில் பாதி பெக்கா, ஏறக்குறைய 5.7 கிராம். யாத்திராகமம் 30-ஆம் அதிகாரத்தில் எண்ணப்பட்ட ஒவ்வொருவனும் கொடுக்க வேண்டிய அரைச்சேக்கல் இதுதான். எருசலேமில் அகழ்ந்த மண்ணைச் சலித்தபோது கிடைத்த ஒரு பெக்கா கல்லை 2018-இல் அறிவித்தார்கள்; அதில் எழுத்துகள் இடவலம் மாறிப் பொறிக்கப்பட்டிருந்தன. முத்திரை வெட்டிப் பழகியவர், எடைக்கல்லிலும் கைப்பழக்கத்தில் திருப்பிச் செதுக்கிவிட்டார் போலும்.

அதற்கடுத்தது பீம். ஒரு சேக்கலில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கான இதன் கற்கள் சராசரியாக 7.8 கிராம் அளவில் நிற்கின்றன. இந்தச் சொல் வேதாகமத்தில் ஒரே ஒரு இடத்தில்தான், 1 சாமுவேல் 13:21-இல் வருகிறது. இதன் பொருள் பல நூற்றாண்டுகளாக எவருக்கும் தெரியாதிருந்தது. ஆயுதங்களைக் கூர்மையாக்கும் இடத்தில் வருவதால் 'அரம்' என்று ஊகித்து மொழிபெயர்த்தார்கள். நம் பழைய தமிழ் மொழிபெயர்ப்பிலும் 'அரங்கள்' என்றே இருக்கிறது. 'பீம்' என்று பொறித்த சிறு கற்கள் கிடைத்த பிறகே, பெலிஸ்தர் கொழுமுனையைத் தீட்டித் தர வாங்கிய கூலி ஒரு பீம் வெள்ளி என்பது விளங்கியது. ஓர் எடைக்கல் ஒரு வசனத்தையே தெளிவாக்கிவிட்டது. நேசெப் என்று பொறித்த, பத்து கிராமுக்குச் சற்றுக் குறைவான கற்களும் கிடைத்துள்ளன. அந்தச் சொல் வேதாகமத்தில் நிறையாக எங்குமே வராததால் உங்கள் வகுப்புக்கு அது தேவைப்படாது.

சேக்கலின் மிகச் சிறு கூறான கேராவில் ஒரு சிக்கல் இருக்கிறது. யாத்திராகமமும் எசேக்கியேலும் ஒரு சேக்கல் இருபது கேரா என்கின்றன; அப்படியானால் ஒரு கேரா 0.57 கிராம். ஆனால் மண்ணில் கிடைத்த கேரா கற்கள் இதைவிட இலேசானவை. அவற்றை வைத்துப் பார்த்தால் சேக்கலுக்கு இருபத்துநான்கு கேரா, அதாவது கேரா ஒன்றுக்கு 0.47 கிராம் என்பதே பொருந்தும் என்று கருதும் ஆய்வாளர்கள் இருக்கிறார்கள். யாத்திராகமம் 'பரிசுத்த ஸ்தலத்துச் சேக்கல்' என்று அடைமொழி கொடுத்துச் சொல்வதைக் கவனியுங்கள். ஒரே ஒரு சேக்கல்தான் வழக்கில் இருந்தது என்றால் அந்த அடைமொழிக்கு வேலையில்லை. அப்சலோமின் தலைமயிரை நிறுத்தபோதும் ராஜாவின் நிறையின்படி இருநூறு சேக்கல் என்றுதான் சொல்லப்படுகிறது. என் முடிவு இது: வசனத்தை விளக்கும்போது வசனம் சொல்லும் இருபதையே கொள்ளுங்கள், அருங்காட்சியகத்தில் இருக்கும் கேரா கல்லைப் பற்றிப் பேசும்போது மட்டும் 0.47-ஐ நினைவில் வையுங்கள். இவ்வளவு சிறிய கற்களில்தான் ஏமாற்றும் எளிதாக நடந்தது. எருசலேமில் தாவீதின் நகரம் என்று வழங்கும் பகுதியில் இரண்டு கேரா என்று குறித்த ஒரு கல் கிடைத்தது. அதன் உண்மையான எடையோ அதைப்போல மூன்று மடங்குக்கும் மேல். இப்படிப்பட்ட கல்லை மறுதட்டில் வைத்துப் பிறர் தரும் வெள்ளியை நிறுத்து வாங்கினால் என்ன நடக்கும் என்பதை எண்ணிப் பார்த்தால், சேக்கலைப் பெரிதாக்குகிறவர்கள் என்று ஆமோஸ் கடிந்துகொண்டது எதை என்பது பிள்ளைகளுக்கும் புரியும்.

மேல்நோக்கிப் போனால் மானேயும் கிக்காரும் இருக்கின்றன. கிக்கார் என்றால் வட்டமானது என்று பொருள். தமிழ் வேதாகமம் இதைத் தாலந்து என்கிறது. ஒரு தாலந்துக்கு எத்தனை சேக்கல் என்று எந்த வசனமும் நேராகச் சொல்லவில்லை, ஆனால் யாத்திராகமம் 38-ஆம் அதிகாரத்தில் அது கணக்காகவே கிடக்கிறது. 6,03,550 பேர் ஆளுக்கு அரைச்சேக்கல் கொடுத்தார்கள். அது 3,01,775 சேக்கல். அதை நூறு தாலந்தும் 1,775 சேக்கலும் என்று அந்த அதிகாரம் சொல்கிறது. 1,775-ஐக் கழித்து நூறால் வகுத்தால் ஒரு தாலந்துக்குச் சரியாக 3,000 சேக்கல் வருகிறது. இந்தக் கழித்தலையும் வகுத்தலையும் கரும்பலகையில் பிள்ளைகளையே செய்ய விடுங்கள். 3,000-ஐ 11.33-ஆல் பெருக்கினால் ஒரு தாலந்து ஏறக்குறைய 34 கிலோ. ஒரே தாலந்து பசும்பொன்னில் செய்யப்பட்ட குத்துவிளக்கு எவ்வளவு பாரம் இருந்திருக்கும் என்பதை இதிலிருந்து உணரலாம்.

மானே பொதுவாக 50 சேக்கலாகக் கொள்ளப்படுகிறது. அதன்படி 567 கிராம், தாலந்துக்கு அறுபது மானே. எசேக்கியேல் 45:12 இருபது, இருபத்தைந்து, பதினைந்து என்று கூட்டி அறுபது சேக்கலை ஒரு மானேயாக வகுக்கிறது. எசேக்கியேல் வாழ்ந்தது பாபிலோன் சிறையிருப்பில். பாபிலோனில் மானே அறுபது சேக்கல்தான், ஆனால் அங்கே சேக்கல் 8.4 கிராம் மட்டுமே. ஆக, பாபிலோனின் அறுபதும் யூதாவின் 11.33-உம் ஒரே பெருக்கலில் கலந்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பெரும்பாலான அட்டவணைகள் இந்த இடத்தில்தான் வழுக்குகின்றன.

தமிழ் வாசகர் வழுக்கும் இடம் இன்னொன்று உண்டு. நம் பழைய மொழிபெயர்ப்பு மானேயை 'இராத்தல்' என்கிறது. லூக்கா 19-இல் ஊழியக்காரருக்குக் கொடுக்கப்பட்ட கிரேக்க மினாவையும் ராத்தல் என்கிறது. யோவான் 12-இல் மரியாள் கொண்டுவந்த நளத தைலத்தின் அளவும், யோவான் 19-இல் நிக்கொதேமு கொண்டுவந்த நூறு அளவு வெள்ளைப்போளமும் இராத்தல்தான். ஆனால் அங்கே மூலத்தில் இருப்பது ரோமர்களின் லித்ரா, ஏறக்குறைய 327 கிராம். கிரேக்க மினா 430 கிராம் அளவிலானது. எபிரேய மானே 567 கிராம். கடையில் வழங்கிய ஆங்கிலேய ராத்தலோ 453.6 கிராம். நான்கு வேறு எடைகளை ஒரே சொல் தாங்கி நிற்கிறது. நிக்கொதேமு கொண்டுவந்ததை 45 கிலோ என்று சொல்லிவிடாதீர்கள், 33 கிலோதான். அதேபோல மத்தேயு நற்செய்தியின் தாலந்துக்கு 34 கிலோவைப் போடக் கூடாது. அங்கே ஏறக்குறைய 26 கிலோ வரும் கிரேக்கத் தாலந்தைக் கொள்வதே முறை.

கணக்கு முறைக்கு வருகிறேன். எடையை முதலில் கிராமாக்கி 11.33-ஆல் வகுத்தால் சேக்கல் வரும். அதை 3,000-ஆல் வகுத்தால் தாலந்து, மீதியை 50-ஆல் வகுத்தால் மானே, எஞ்சுவது சேக்கல், சேக்கலின் பின்னப் பகுதியை இருபதால் பெருக்கினால் கேரா. ஆங்கிலேய ராத்தலில் எடை இருந்தால் இன்னும் எளிது, ஒரு ராத்தல் நாற்பது சேக்கல், ஓர் அவுன்ஸ் இரண்டரை சேக்கல். இரண்டும் வியப்பான துல்லியத்தோடு பொருந்துகின்றன. நகைக்கடைக் கணக்கில் ஒரு பவுன் எட்டு கிராம், அதாவது பதினான்கு கேரா, ஒரு பீமுக்குச் சற்றே கூடுதல்.

36 கிலோ எடையுள்ள ஒரு பிள்ளையை எடுத்துக்கொள்வோம். 36,000-ஐ 11.33-ஆல் வகுத்தால் 3,177.4. அது ஒரு தாலந்து, மூன்று மானே, 27 சேக்கல், எட்டு கேரா. பார்ப்பதற்குத் துல்லியமாக இருக்கிறது. இப்போது அதே பிள்ளையை 2020-இல் அறிவித்த கல்லின்படி, அதாவது சேக்கலுக்கு 11.5 கிராம் வைத்துக் கணக்கிடுங்கள். 3,130.4 சேக்கல், ஒரு தாலந்து, இரண்டு மானே, 30 சேக்கல், ஒன்பது கேரா. பிள்ளையின் எடை மாறவில்லை, ஆனால் மானேயே ஒன்று குறைந்துவிட்டது. ஆகவே எட்டு கேரா என்றும் ஒன்பது கேரா என்றும் எழுதுவது, அந்தக் கற்கள் நமக்குச் சொல்லாத ஒன்றை அவற்றின் வாயில் திணிப்பதாகும். 'ஒரு தாலந்தும் இரண்டு மூன்று மானேயும்' என்று சொல்லி நிறுத்திக்கொள்வதே நேர்மையான விடை. அதே காரணத்தால் ஒரு கிலோவுக்கு 88.26 சேக்கல் என்று எழுதாமல் 88 என்று மட்டும் எழுதுகிறேன். 87 என்று ஒருவர் சொன்னாலும் நான் மறுக்க மாட்டேன்.

71 என்ற எண்ணைப் பற்றி ஒரு சொல். யூத மரபுச் சட்டத்தில் பழைய சேக்கல் 320 வாற்கோதுமை மணி எடை என்றும், பிற்காலத்தில் அதை 384 மணியாகக் கூட்டினார்கள் என்றும் 12-ஆம் நூற்றாண்டு அறிஞர் மைமோனிதெஸ் எழுதுகிறார். இது ஐந்துக்கு ஆறு என்ற விகிதம். தீரு நாணயத்தின் 14 கிராமை அந்த விகிதத்தில் குறைத்தால் 11.7 வருகிறது, மண்ணில் கிடைத்த கற்களுக்கு வெகு அருகில். இன்று யூதக் குடும்பங்களில் தலைப்பிள்ளையை மீட்கும் சடங்கில் ஐந்து சேக்கலுக்காக ஏறக்குறைய 100 கிராம் வெள்ளி கொடுப்பது பரவலான வழக்கம். அது சேக்கலுக்கு இருபது கிராம். கடமை குறைந்துவிடக் கூடாது என்ற எச்சரிக்கை கலந்த மரபுக் கணக்கு அது. அதைத் தொல்லியல் எண்ணோடு ஒப்பிட்டுத் தவறு என்று சொல்வது முறையாகாது.

பாடத்துக்கு எந்த வசனத்தை எடுப்பது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அதைச் சொல்ல ஆசைப்படுகிறேன். எல்லோரும் கோலியாத்தைத்தான் எடுப்பார்கள்: ஐயாயிரம் சேக்கல் கவசம் 57 கிலோ, அறுநூறு சேக்கல் ஈட்டிமுனை 6.8 கிலோ. மனைவி சாராளை அடக்கம் செய்ய மக்பேலா நிலத்துக்காக ஆபிரகாம் நிறுத்துக்கொடுத்த நானூறு சேக்கலும் நல்ல எடுத்துக்காட்டுதான். ஆனால் நம்மிடம் உள்ள கற்கள் ஆபிரகாமின் காலத்துக்கு ஆயிரம் ஆண்டுக்கும் மேல் பிந்தியவை. எரேமியா 32-ஐ எடுங்கள். எருசலேம் முற்றுகையில் இருக்கிறது, ஏறக்குறைய கி.மு. 587. நகரம் விழப்போகிறது என்று அறிந்தே எரேமியா தன் உறவினன் அனாமெயேலிடமிருந்து ஆனதோத் ஊரின் நிலத்தை வாங்கி, 17 சேக்கல் வெள்ளியைத் தராசில் நிறுத்துக் கொடுக்கிறார். அந்த ஊரும் அந்தக் காலமும் அந்தக் கற்களுக்கே உரியவை. வேதாகமத்தில் 11.33 கிராமை இவ்வளவு நம்பிக்கையோடு போடக்கூடிய இடம் வேறு அரிது. விடை 193 கிராம்.

இதைக் கையில் கொடுத்துக் காட்டவும் வழி இருக்கிறது. 2011 முதல் 2018 வரை அச்சிட்ட நம் ஒரு ரூபாய் நாணயம் 3.79 கிராம், மூன்று சேர்ந்தால் 11.37, ஒரு சேக்கல். அதே காலத்துப் பத்து ரூபாய் நாணயம் 7.71 கிராம், அது ஒரு பீமுக்குப் பதிலாக நிற்கும். 2019-க்குப் பிறகு வந்த ஒரு ரூபாய் 3.09 கிராம்தான், அதைக் கலந்துவிடாமல் ஆண்டைப் பார்த்துப் பொறுக்க வேண்டும். அப்படி 51 ஒரு ரூபாய் நாணயங்களைச் சிறு துணிப்பையில் கட்டிப் பிள்ளைகளின் கையில் மாற்றி மாற்றிக் கொடுங்கள். எரேமியா அன்று நிறுத்துக் கொடுத்த வெள்ளியின் கனம் அதுதான்.